மறதி நோயும் வீட்டுப் பராமரிப்பும்

 

இன்றைய பேச்சு ஒரு பாட்டியைப் பற்றியது. உதாரணத்துக்காகச் சொல்லும் பாட்டிதான். ஆனால் இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ உங்கள் தெருவில் இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

பாட்டிக்கு வயது 72. பேருந்து நிறுத்தத்தில் 30 வருடம் இட்லிக் கடை நடத்தியவர். மகன் லாரி ஓட்டுகிறார். மருமகள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

முதலில் பாட்டிக்குக் கணக்கு தவறியது. விரல் விட்டு எண்ணாமலே சில்லறை கொடுத்தவர், பத்து ரூபாய்த் தாளையும் ஐம்பது ரூபாய்த் தாளையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிய பத்தாவது நிமிடத்தில், "ஏம்மா, இன்னைக்கு எனக்குச் சோறே போடலையே" என்று கேட்டார். அது பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தது. மருமகள் பட்டினி போடுகிறாள் என்று தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. அன்று இரவு மருமகள் தூங்கவில்லை. அழுதுகொண்டே இருந்தார்.

பிறகு ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பாட்டியைக் காணவில்லை. பழைய கடை இருந்த இடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மகனுக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. "கடையை மூடி ஆறு வருஷம் ஆச்சு. புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினார். பாட்டி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். மகன் என்ன சொன்னார் என்பது சிறிது நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் யாரோ தன்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்ற பயம் மட்டும் போகவில்லை. அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

இந்த வீட்டில் யார் குற்றவாளி? யாருமே இல்லை. வந்திருப்பது ஒரு நோய்.

இது என்ன நோய்?

இதை மறதி நோய் என்கிறோம். மருத்துவர்கள் டிமென்ஷியா என்பார்கள். மூளையில் உள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடைந்து அழிவதால் இது வருகிறது. இதில் பல வகை உண்டு. அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் இதைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னார். அவர் பெயரே நோய்க்கும் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் மறதி நோய் வரும். ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தாமல் விட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

வயதானால் எல்லோருக்கும் மறதி வருமே என்று கேட்கலாம். சாவியை வைத்த இடம் மறப்பது வயதினால் வரும் மறதி. சாவி எதற்கு என்பதே மறந்துபோவது நோய்.

2023ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. அதாவது 100 பேரில் ஏழு பேருக்கு மேல். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

இது பேய் பிடித்ததால் வருவதல்ல. பாவத்தின் பலன் அல்ல. ஒட்டுவாரொட்டியும் அல்ல. பாட்டி வேண்டுமென்றே செய்வதும் அல்ல.

முதல் வேலை மருத்துவரிடம் காட்டுவது

மறதி கண்டவுடன், "வயசாச்சு, இனி என்ன செய்ய" என்று விட்டுவிடக் கூடாது. சில வகை மறதிகளுக்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டதால் தலைக்குள் ரத்தம் கட்டுவது, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். ரத்தப் பரிசோதனையில் சிலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணும் காதும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். காது கேட்காதவரை மறதிக்காரர் என்று நினைத்துவிடுவது உண்டு.

அல்சைமர் நோயை முழுவதும் குணமாக்கும் மருந்து இல்லை. சில மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் உதவும். அதனால்தான் வீட்டில் செய்யும் பராமரிப்பு மருந்துக்குச் சமமானது.

இன்னொன்றும் முக்கியம். மறதி நோய் மெதுவாகத்தான் கூடும். நேற்று வரை ஓரளவு நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினாலோ, எந்நேரமும் மயங்கிக் கிடந்தாலோ, அதற்கு வேறு காரணம் இருக்கும். சிறுநீர்த் தொற்று, சளிக்காய்ச்சல், உடம்பில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், சர்க்கரை இறங்குவது, இப்படி ஏதாவது இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

பேசும் விதம்

அந்த வீட்டில் மருமகள்தான் முதலில் ஒன்றைக் கவனித்தார். பாட்டி செய்வதெல்லாம் அர்த்தமில்லாதது அல்ல. நான்கு மணிக்கு அவர் கிளம்பியது ஏன்? 30 வருடமாக அந்த நேரத்துக்குத்தான் அடுப்பு மூட்டினார். தலை மறந்தாலும் உடம்பு மறக்கவில்லை. பாட்டியைத் திருத்த முடியாது. அன்றாட நடைமுறையைத்தான் அவருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். இதுதான் மறதி நோய்ப் பராமரிப்பின் அடிப்படை.

பேச்சிலிருந்தே தொடங்கலாம். பின்னாலிருந்து கூப்பிடாமல், முகத்துக்கு எதிரே வந்து பேச வேண்டும். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. தெரியாவிட்டால் அவருக்கு அவமானமாக இருக்கும். "அத்தை, நான் உங்க மருமக வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். "எழுந்து, முகம் கழுவி, காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றால் அது மூன்று வேலை. "எழுந்திருங்க அத்தை" என்று மட்டும் சொல்லி, கை கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். டி.வி. சத்தத்தை அப்போது குறைத்துவிட வேண்டும்.

ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பார். அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவைதான். முடிந்தவரை பொறுமையாகப் பதில் சொல்லலாம். முடியாதபோது பேச்சையோ வேலையையோ மாற்றிவிடலாம்.

"எங்க அம்மா இன்னும் வரலையே" என்று பாட்டி கேட்பார். அவருடைய அம்மா இறந்து 40 வருடம் ஆகிறது. "செத்துப் போயிட்டாங்களே" என்று சொன்னால், அப்போதுதான் செய்தி கேட்டவர்போல அழுவார். மறுநாளும் கேட்பார், மறுநாளும் அழுவார். ஒவ்வொரு நாளும் துக்கம் சொல்ல வேண்டுமா? "உங்க அம்மா என்ன குழம்பு நல்லா வைப்பாங்க?" என்று பேத்தி கேட்பாள். பாட்டி அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அவர் தேடியது அந்த நெருக்கத்தைத்தான்.

குளியலும் உடையும்

குளிக்கக் கூப்பிட்டால், "குளிச்சாச்சு" என்று பாட்டி மறுத்தார். இழுத்துப் போனால் கையைக் கிள்ளினார். காரணம் என்னவென்று மருமகள் யோசித்தார். கடை நடத்திய காலத்தில் பாட்டி காலை வியாபாரம் முடிந்து, பதினோரு மணிக்குத்தான் குளிப்பார். இப்போது மருமகளும் அந்த நேரத்துக்கே மாற்றினார். வெயில் ஏறியிருக்கும். குளிரும் இல்லை. பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்தது.

தண்ணீரின் சூட்டை நம் கையால் பார்த்த பிறகே கூப்பிட வேண்டும். சோப்பு, துண்டு, மாற்று உடை எல்லாம் முன்பே எடுத்து வைக்க வேண்டும். வழுக்காத தரையில், ஆடாத முக்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். உடம்பின்மேல் ஒரு துண்டைப் போர்த்தினால் கூச்சம் இருக்காது. தலையில் திடீரென்று ஊற்றக் கூடாது. காலில் தொடங்கி மேலே வரலாம். சொம்பை அவர் கையிலேயே கொடுக்கலாம். ஒருநாள் மறுத்தால் விட்டுவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

உடைகளை உடுத்தும் வரிசையில் எடுத்துக் கொடுக்கலாம். சேலை கட்ட முடியாதவருக்கு நைட்டி நல்லது. ஆண்களுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உடை வசதி.

சாப்பாடு

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் சிலருக்குச் சோறு இருப்பதே தெரியாது. வாழையிலையோ நிறமுள்ள தட்டோ நல்லது. நாலு வகையை ஒரே நேரத்தில் வைத்தால் குழம்பிப் போவார்கள். ஒவ்வொன்றாக வைக்கலாம். பிசைந்து சாப்பிட முடியாதவர் இட்லியைக் கையில் எடுத்துச் சாப்பிடுவார்.

நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டக் கூடாது. ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் அடிக்கடி இருமினால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாகம் எடுப்பதும் அவர்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் தண்ணீரோ மோரோ நாமே கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

"சோறு போடலையே" என்ற பிரச்சினைக்கும் மருமகள் வழி கண்டார். ஒரு வேளைச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தார். பாட்டி மறுபடி கேட்கும்போது, "இதோ போடறேன் அத்தை" என்று மீதியைக் கொடுத்தார். வாக்குவாதம் நின்றது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார். பழி பேசிய அதே அம்மா இப்போது தினமும் அரைமணி நேரம் வந்து பாட்டியோடு உட்காருகிறார். நோயை மறைத்தால் வீடு தனித்துப் போகும். சொன்னால் துணை கிடைக்கும்.

கழிப்பறை

கேட்கும்வரை காத்திருக்காமல், இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை நாமே அழைத்துப் போக வேண்டும். சேலையைப் பிசைவது, அங்குமிங்கும் நடப்பது எல்லாம் அவசரத்தின் அடையாளமாக இருக்கலாம். கழிப்பறைக் கதவில் படம் ஒட்டி வைக்கலாம். இரவில் அந்த வழியில் சிறிய விளக்கு எரிய வேண்டும். படுக்கை நனைகிறதே என்று பகலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. படுக்கப் போகும் நேரத்தில் குறைத்தால் போதும்.

மாலை நேரமும் வெளியே போவதும்

பொழுது சாயும்போது பலருக்குப் பதற்றம் கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள், வீட்டில் இருந்துகொண்டே. இருட்டும் முன்பே விளக்கைப் போட வேண்டும். மதியத்துக்கு மேல் காப்பி, தேநீர் வேண்டாம். கண்ணாடியில் தன் முகத்தையே அந்நியர் என்று நினைத்துப் பயந்தால், கண்ணாடியைத் துணியால் மூடலாம்.

அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது. சாயங்காலம் ஆனதும் பாட்டி, "மாவு அரைக்கணும், நேரமாச்சு" என்று எழுந்துவிடுவார். முன்பு மருமகள், "எந்தக் கடைக்கு?" என்று சண்டை போட்டார். இப்போது, "வாங்க அத்தை, உளுந்து பார்த்துக் குடுங்க" என்று முறத்தைக் கொடுக்கிறார். பாட்டி ஒரு மணி நேரம் கல் பொறுக்குகிறார். சில நாள் நல்ல உளுந்தையும் சேர்த்து எறிந்துவிடுவார். எறியட்டும். அந்த ஒரு மணி நேரம் அவர் யாருக்கும் பாரமாக இல்லை. கடைக்கார அம்மாவாக இருக்கிறார்.

வெளியே போய்விடுவதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். கதவில் ஒரு மணியைக் கட்டலாம். தாழ்ப்பாளைப் பார்வைக்குப் படாதபடி மேலேயோ கீழேயோ வைக்கலாம். ஆனால் அவரைத் தனியாக வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகக் கூடாது. தீப்பிடித்தால் தப்ப முடியாது. பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதிய துணியை உடையின் உள்பக்கம் தைக்க வேண்டும். மருமகள் தன் கையாலேயே எழுதி, ஒவ்வொரு ரவிக்கையிலும் தைத்திருக்கிறார். அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். டீக்கடை, ஆட்டோ நிறுத்தம், மளிகைக் கடை எல்லாவற்றிலும் சொல்லி வைக்க வேண்டும். காணாமல் போனால் நேரம் கடத்தாமல் 112 என்ற எண்ணில் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

இரவில் எரிவாயு ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். தீப்பெட்டி, பூச்சிமருந்து, பினாயில், கத்தரிக்கோல் எல்லாம் பூட்டுக்குள் இருக்க வேண்டும். கிணற்றுக்கு மூடி வேண்டும். மாத்திரைகளை நாமே கையில் கொடுத்து, விழுங்குவதைப் பார்க்க வேண்டும். தூங்க வைப்பதற்காகக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுப்பது ஆபத்து. விழுந்து எலும்பு முறியும். கட்டிப்போடுவதும் அடிப்பதும் கூடவே கூடாது.

நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தால், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் வரும். வாயைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கேரளத்தில் 2008ஆம் ஆண்டில் வலி தணிப்புப் பராமரிப்புக் கொள்கை வந்தது. அங்கே ஊராட்சிகளின் ஏற்பாட்டில் செவிலியர்கள் வீடு தேடி வந்து இதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பகுதியில் இப்படி வருகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பராமரிப்பவரை யார் பராமரிப்பது?

இத்தனையும் கேட்டால் எளிது. செய்பவருக்குத்தான் தெரியும். அந்த மருமகள் ஐந்து மாதம் ஒருநாளும் முழு இரவு தூங்கவில்லை. தைக்க வந்த துணிகள் தேங்கின. ஒரு மாலையில் பாட்டி காப்பியைத் தட்டிவிட்டார். வாடிக்கையாளரின் புதுத் துணி நனைந்தது. மருமகள் பாட்டியைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பாட்டி சுவரில் சாய்ந்து, "ஐயோ, அடிக்காதீங்க" என்றார். இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த கை அது. மருமகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் கெட்டவர் அல்ல. களைத்தவர். களைத்த மனிதர் கையில் பொறுமை இருக்காது. கோபம் ஏறும்போது, பாட்டியைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு ஐந்து நிமிடம் திண்ணையில் போய் நிற்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. வேலையைப் பங்கு போட வேண்டும்.

அன்று இரவு மருமகள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "என்னங்க, என்னால தனியா முடியல. என் கை தப்பு பண்ணிடுச்சு" என்றார். அடுத்த நாள் பேத்தியின் நோட்டுத் தாளில் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மகன் ஊரில் இருக்கும் இரவுகளில் பாட்டியின் பக்கத்தில் அவர் படுக்கிறார். நான்கு மணிக்குப் பாட்டி எழுந்தால், அவரும் எழுந்து காப்பி போட்டுத் தருகிறார். பக்கத்து ஊரில் இருக்கும் மகள் மாதம் நான்கு நாள் வந்து பார்த்துக்கொள்கிறார். பேத்தி மாலையில் அரைமணி நேரம் பாட்டியோடு பழைய சினிமாப் பாட்டுக் கேட்கிறாள். பேர் மறந்த பாட்டிக்குப் பாட்டு மறக்கவில்லை.

பெற்றோரைப் பராமரிப்பது மருமகள் ஒருத்தியின் வேலை அல்ல. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டில் வந்தது. வயதுவந்த மகனுக்கும் மகளுக்கும் அந்தக் கடமை உண்டு என்று அது சொல்கிறது.

யோசனை கேட்கவும் இடம் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை கட்டணமில்லாமல் பேசலாம். பராமரிப்பவரின் மனம் உடைந்து போனால் 14416 என்ற டெலிமானஸ் எண் 24 மணி நேரமும் உண்டு. அங்கே தமிழிலும் பேசலாம். மறதி நோய்க் குடும்பங்களுக்காக இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கம் 1992ஆம் ஆண்டில் கேரளத்தில் தொடங்கப்பட்டது. இப்போது பல நகரங்களில் அதன் கிளைகள் உள்ளன.

அந்த வீட்டுக்கே திரும்பி வருவோம். பாட்டிக்கு நோய் குணமாகவில்லை. இனி ஆகவும் ஆகாது. மருமகளின் பெயர் அவருக்கு இப்போது நினைவில் இல்லை. "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் மருமகள், "அம்மா இல்ல அத்தை, மருமக" என்று திருத்திப் பார்த்தார். இப்போது திருத்துவதில்லை. "இதோ வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், இன்றைக்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்த ஒரு மணி நேரம் அங்கே பராமரிப்பவர் கொஞ்சம் கண் அயரட்டும். அதுவே பெரிய உதவி.